எம்ஜிபி ஓவர்டிரைவ் சூடானதும் கழண்டுக்குது, பாக்ஸை இறக்கணுமா?

மார்ச் 2, இரவு 9.15 (கேள்வி)

வணக்கம். எம்ஜிபி ரோட்ஸ்டர் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கி ஆறு மாசம் ஆச்சு. நாலாவது கியர்ல ஓவர்டிரைவ் (அதே வேகத்துக்கு இன்ஜினை மெதுவா சுத்தவிடற, கியர்பாக்ஸ் பின்னால இருக்கற கூடுதல் பெட்டி) போட்டா ஒரு இருபது நிமிஷம் ஜம்முனு போகுது, அப்புறம் தானா வெளிய வந்துடுது, ஆர்பிஎம் சட்டுனு ஏறுது. கொஞ்ச நேரத்துல தானே பிடிச்சுக்குது, திரும்ப விடுது. ஷெட்டுல காட்டினேன். உள்ள சீல் எல்லாம் போச்சு, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேத்து வெளிய எடுக்கணும்னாங்க. ரேட்டு சொன்னாங்க பாருங்க, அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. சூடானதும் விடுதுன்னா சீல் தான்னு அவங்க சொல்றது சரியா?

மார்ச் 2, இரவு 10.40

இறக்காதீங்க. முதல்ல இதைச் சொல்லிட்டு மத்ததை எழுதறேன். இந்த வண்டியில பாக்ஸை மட்டும் தனியா கீழ இறக்க முடியாது, இன்ஜினோட சேத்து முன்பக்கமா தூக்கி எடுக்கணும், ஷெட்டுக்காரங்க அதுவரைக்கும் பொய் சொல்லல. ஆனா அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது நிறைய கிடக்கு.

எனக்கும் இதே கதை. 1972 எம்ஜிபி ஜிடி. போன கோடையில எம் 40 மோட்டார்வேல ஆக்ஸ்போர்டு பக்கம் போறப்ப, ஸ்டோக்கன்சர்ச் மலை வெட்டுல இறங்கறோமே, மேல செம்பருந்து வட்டமடிக்குமே அந்த இடம், கரெக்டா அங்க வரும்போது விட்டுச்சு. எழுபது மைல்ல 3200ல முனகிட்டிருந்த இன்ஜின் 3900க்குப் போய் கத்த ஆரம்பிச்சுது. பக்கத்துல உக்காந்திருந்த வீட்டம்மா என்ன உடைச்சீங்கன்னு கேட்டா.

என் அனுபவத்துல பத்துல எட்டு கேஸ் கரன்ட் பிரச்சினை தான். ஓவர்டிரைவைப் போடற சோலனாய்டு (கரன்ட் வந்தா இழுக்கற காந்தச் சுருள்) பதினஞ்சு இருபது ஆம்ப் இழுக்கும், அவ்ளோ கரன்ட் அம்பது வருஷத்துப் பழைய வயர்ல போனா எங்கயாவது சூடாகி விட்டுடும். முதல்ல ஒரு ரிலே (சின்ன கரன்ட்டால பெரிய கரன்ட்டை ஆன் பண்ற சுவிட்ச்) போடுங்க. எண்ணெய் அளவும் பாத்துடுங்க. சீல், ஓரிங்ங்கற ரப்பர் வளையம் எல்லாம் கடைசியில.

மார்ச் 3, காலை 7.05

ஒண்ணு விட்டுட்டேன், அவசரம். பிரேக்டவுன் ஆகி ஓவர்டிரைவ் உள்ளயே மாட்டிக்கிட்டா ரிவர்ஸ் போடவே கூடாது. விட்டுவிட்டுப் பிடிக்கிற வண்டி என்னிக்காவது ஒருநாள் விடாமயும் பிடிச்சுக்கும். உள்ள ஒரு பக்கம் மட்டும் சுத்தவிடற ரோலர் கிளட்ச் இருக்கு. ஓவர்டிரைவ் பிடிச்சிருக்கும்போது பின்னால தள்ளினா அது பூட்டிக்கும், அப்புறம் ஏதாவது ஒண்ணு உடைஞ்சுதான் தீரும். அதுக்குத்தான் கியர்பாக்ஸ் மேல ஒரு சுவிட்ச் வச்சிருக்கான், மூணு, நாலு தவிர வேற கியர்ல சோலனாய்டுக்கு கரன்ட் போகாது. ஆனா ஓவர்டிரைவைப் பிடிக்கிற புனல் மாதிரியான கோன் பிரேக் ரிங்ல ஒட்டிக்கிட்டா சுவிட்ச் என்ன பண்ணும்? சந்தேகம்னா முன்னால போய் வளைச்சுத் திருப்புங்க. வண்டிக்கு அடியில படுத்து பிரேக் ரிங்கை தோல் சுத்தியலால மெதுவா ரெண்டு தட்டு தட்டினா ஒட்டின கோன் விட்டுக்கும்னு பழைய ஆளுங்க சொல்வாங்க, நான் தட்டினதில்ல.

ஆபீஸுக்கு நேரமாச்சு.

மார்ச் 3, மதியம் 1.20

கீழ ஒருத்தர் "அதைப் புடுங்கிப் போட்டுட்டு மாஸ்டா அஞ்சு ஸ்பீட் பாக்ஸ் மாட்டுங்க, 1948 டெக்னாலஜியை எதுக்குக் கட்டிக்கிட்டு அழறீங்க"ன்னு போட்டிருக்கார். சரிங்க, மாட்டலாம், மாட்டினவங்க சந்தோஷமாத்தான் ஓட்டறாங்க. வருஷம் கூட சரிதான், ஸ்டாண்டர்ட் வேன்கார்டுல அப்பத்தான் வந்துச்சு, எட்கர் டி நார்மன்வில் யோசிச்சது, ஷெஃபீல்டுல லேகாக் கம்பெனி செஞ்சது. அப்புறம் ஹீலி, டிரையம்ப், ஜாகுவார், வோல்வோன்னு எல்லாத்துலயும் ஏறிடுச்சு.

ஆனா இது அஞ்சாவது கியர் இல்ல. மூணாவதுலயும் வேலை செய்யும் (77லேர்ந்து வந்த வண்டில நாலாவதுல மட்டும் தான்). மூணாவதோட ரேஷியோ 1.38, அதை ஓவர்டிரைவோட 0.82ஆல பெருக்கினா 1.13, அதாவது மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ஒரு மூணே முக்கா. காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் வளைஞ்சு வளைஞ்சு ஏறற ரோட்டுல கிளட்சைத் தொடாம, ஸ்டியரிங்லேர்ந்து கையெடுக்காம, விரல் நுனியால ஸ்டாக்கை (ஸ்டியரிங் பக்கத்துல இருக்கற ஓவர்டிரைவ் சுவிட்ச் குச்சி) ஒரு தட்டு, மூணேமுக்கா. இன்னொரு தட்டு, மூணு. இந்த சுகம் அஞ்சு ஸ்பீட் பாக்ஸ்ல கிடைக்காது. நான் கட்டிக்கிட்டே அழறேன்.

மார்ச் 3, இரவு 11.10

உள்ள என்ன நடக்குதுன்னு தனி மெசேஜ்ல ரெண்டு பேர் கேட்டாங்க. படம் வரையத் தெரியாது, எழுதறேன்.

நடுவுல ஒரு சன் கியர். அதைச் சுத்தி பிளானட் கியருங்க, அதுங்களைத் தாங்கற கேரியரை கியர்பாக்ஸோட மெயின்ஷாஃப்ட் சுத்துது. வெளிய ஆனுலஸ்ங்கற பல்வளையம், அதுலேர்ந்துதான் பின்சக்கரத்துக்குப் போகுது. சன் கியரோட சேந்து சுத்தற, முன்னயும் பின்னயும் நகர்ற புனல் மாதிரி ஒரு கோன் இருக்கு, உள்பக்கமும் வெளிப்பக்கமும் லைனிங் ஒட்டினது. சாதாரணமா ஸ்பிரிங்குங்க அதை ஆனுலஸ் மேல அழுத்தி வச்சிருக்கும், எல்லாம் ஒரே கட்டியா சுத்தும், கியர் இருக்கறதே தெரியாது. சுவிட்சைப் போட்டா சோலனாய்டு ஒரு சின்ன வால்வை அடைக்கும், எண்ணெய் தப்பிச்சுப் போற வழி மூடிக்கும், பிரஷர் ஏறி ரெண்டு பிஸ்டன் அந்த கோனை ஸ்பிரிங்குக்கு எதிரா தள்ளி அசையாம நிக்கிற பிரேக் ரிங்ல கொண்டுபோய் அழுத்தும். சன் கியர் நின்னுடும். அது நின்னா ஆனுலஸ் மெயின்ஷாஃப்டை விட வேகமா சுத்தியே ஆகணும். அவ்ளோதான் ஓவர்டிரைவ்.

இதுல முக்கியம், அந்த பிரஷர் சின்னது இல்ல. எங்க வண்டி மாடல்ல 400 பிஎஸ்ஐயை ஒட்டி. அதை உண்டாக்கற பம்ப் மெயின்ஷாஃப்ட் கேம்ல ஓடறது. அதனால வண்டி நிக்கும்போது பிரஷரே கிடையாது, ஷெட்டுல நிறுத்தி வச்சு சீல் போச்சுன்னு எப்படிச் சொன்னாங்கன்னு எனக்குப் புரியல.

பிரஷர் குறைஞ்சாலும் கழண்டுக்கும், வால்வு சரியா மூடாட்டியும் கழண்டுக்கும். வால்வை மூடி வைக்கிறது கரன்ட். ஓட்டறவனுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மார்ச் 4, காலை 8.30

திருத்தம். முந்தாநேத்து எழுதினதுல பெரிய தப்பு பண்ணிட்டேன், ஒரு பெரியவர் நாசூக்கா சுட்டிக்காட்டினார். பதினஞ்சு இருபது ஆம்ப்ங்கறது 1967 வரைக்கும் வந்த டி டைப் ஓவர்டிரைவோட கதை. அதுல சோலனாய்டு வெளிய பக்கவாட்டுல தொங்கும், உள்ள ரெண்டு சுருள், இழுக்க ஒண்ணு, பிடிச்சு வைக்க ஒண்ணு. இழுக்கற நேரத்துக்கு மட்டும் அவ்ளோ கரன்ட் போகும், அதான் ரிலே. 68 மாடல்லேர்ந்து வந்தது எல்ஹெச் டைப், சோலனாய்டு அடியில சம்ப்புக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும், ஒரே சுருள், இழுக்கறது ஏறக்குறைய ஒரே ஒரு ஆம்ப். ரிலே தேவையில்ல. என் வண்டியே எல்ஹெச் தான், என் நண்பரோட 65 வண்டிக்கு ரிலே மாட்டின ஞாபகத்துல உளறிட்டேன்.

தம்பி, உங்க வண்டி எந்த வருஷம்னு நீங்க சொல்லவே இல்ல.

மார்ச் 4, இரவு 9.50

69ன்னு பதில் வந்திருக்கு. அப்ப எல்ஹெச். "இக்னிஷனைப் போட்டு நாலாவது கியர்ல வச்சு சுவிட்சைத் தட்டினா கீழ டிக்னு சத்தம் கேக்குது, அப்ப கரன்ட் சைடு ஓகே தானே"ன்னு கேட்டிருக்கார்.

இல்ல. இதே டிக்கை நம்பித்தான் நான் ரெண்டு மாசம் வீணாக்கினேன். கதையைச் சொல்லிடறேன், கொஞ்சம் நீளம்.

ஸ்டோக்கன்சர்ச்சுல விட்டதும் நானும் இப்படித்தான் டிக் சத்தம் கேட்டேன், கேட்டுச்சு. சரி, ஓடும்போது கரன்ட் போகுதான்னு பாப்போம்னு சோலனாய்டுக்குப் போற வயர்லேர்ந்து ஒரு கிளை எடுத்து டாஷ்போர்டுல சின்ன எல்இடி ஒட்டினேன். பச்சைக் கலர், அழகா இருந்துச்சு. மறுபடி எம் 40. அரைமணியில ஓவர்டிரைவ் கழண்டுச்சு, எல்இடி எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஆக கரன்ட் வருது, எண்ணெய் பக்கம் தான் கோளாறுன்னு முடிவு கட்டிட்டேன். ஐடி வேலை பாக்கறவன்னு வெளிய சொல்லிக்க வெக்கமா இருக்கு.

அடுத்து ரெண்டு சனி ஞாயிறு வண்டிக்கு அடியில. எண்ணெயை வடிச்சு, அடித்தட்டைக் கழட்டி, வலை ஃபில்டரை வெளிய எடுத்தா அதுல சாம்பல் கலர் கூழ், விரல்ல தேச்சுப் பாத்தா மினுமினுன்னு பித்தளைத் தூள். பயந்துட்டேன். ஆனா அது சின்க்ரோ ரிங் (கியர் மாத்தும்போது வேகத்தைச் சமமாக்கற பித்தளை வளையம்) தேயறது, அம்பது வருஷத்துக்கு அவ்ளோ இருக்கத்தான் செய்யும். காந்தத்துல ஒட்டற இரும்புச் சில்லு இருந்தாத்தான் பயப்படணும், இல்ல. பெட்ரோல்ல கழுவி, சோலனாய்டு வால்வு ஓரிங்குங்களை மாத்தி, புது பேக்கிங் போட்டு மூடினேன். பழைய ஓரிங் கையில எடுக்கும்போதே பிளாஸ்டிக் வளையல் மாதிரி முறிஞ்சுது. ஆஹா, திருடன் அகப்பட்டான்னு நினைச்சேன்.

ஒரு வாரம் நல்லா ஓடுச்சு. வெயில் குறைஞ்ச வாரம் அது, அதை நான் கணக்குல எடுத்துக்கல. அடுத்த வாரம் வெயில் அடிச்சுது, திரும்ப அதே இடம், பருந்து கூட அதே பருந்தோ என்னவோ.

கடைசியா எல்இடியைப் புடுங்கிட்டு மல்டிமீட்டரை நீள வயர் போட்டு டாஷ்ல டேப் போட்டு ஒட்டினேன். கிளம்பும்போது பன்னெண்டை ஒட்டி காட்டுச்சு. போகப் போக பதினொண்ணு, பத்து. 9.4ல கழண்டுச்சு. அப்ப பேட்டரியில 13.8 இருக்கு. எல்இடி எழவு ஒன்பது வோல்ட்டுலயும் பல்லைக் காட்டிட்டு எரியும்! அதுக்குத் தேவை மிச்சம் மீதி கரன்ட் தான்.

பல்க்ஹெட் பக்கத்துல கியர்பாக்ஸ் வயர் மெயின் லூமோட (வண்டியோட முக்கிய வயர் கட்டு) சேர்ற இடத்துல இருந்த புல்லட் கனெக்டர் (ஸ்லீவுக்குள்ள செருகற வயர் முனை) உள்ள பச்சை பூத்துப் போயிருந்துச்சு. இன்ஜின் சூட்டுல அது லேசா விரியுது, பிடி தளருது. அது மட்டும் இல்ல, சோலனாய்டுச் சுருள் செம்பு, அம்பது அறுபது டிகிரி சூடு ஏறினா அதோட ரெசிஸ்டன்ஸே இருபது சதவீதத்துக்கு மேல கூடும். வர்ற வோல்ட்டு குறைச்சல், இழுக்க வேண்டிய சுருள் முரண்டு, ரெண்டும் சேந்து வால்வைப் பிடிச்சு வைக்க தெம்பு இல்ல. ஆறிப்போய் நிக்கும்போது டிக்னு தான் கேக்கும், ஏன்னா ஆறினா எல்லாம் சரி. மொத்தச் செலவு ரெண்டு புல்லட், ஒரு ஸ்லீவ். சூடானா விடுதுன்னா சீல்ங்கற பேச்சை நான் அதோட நம்பறதை விட்டேன்.

தம்பி, எல்இடி வேணாம், மீட்டரை மாட்டுங்க. கிளையை கியர் சுவிட்சுக்கு அப்புறம், சோலனாய்டுப் பக்கம் எடுங்க. நம்பரைப் பாக்கறது நீங்க இல்ல, பக்கத்துல உக்கார்ற ஆள்.

மார்ச் 5, காலை 6.55

ஓரிங் மாத்தினது வீண்னு நினைக்க வேணாம். அப்புறம் பிடிக்கிறது இன்னும் சுறுசுறுப்பா இருக்கு, முன்னால ஒரு செகண்ட் யோசிச்சுட்டுப் பிடிக்கும்.

மார்ச் 6, இரவு 8.15

எண்ணெய் பத்தி சண்டை ஆரம்பிச்சுடுச்சு, எதிர்பாத்தது தான். சுருக்கமா: கியர்பாக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே எண்ணெயைக் குடிக்குது, ரெண்டுக்கும் சேத்து மூணரை லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. போட வேண்டியது 20 டபிள்யூ 50 இன்ஜின் ஆயில். கியர்பாக்ஸ்னா கியர் ஆயில் தானேன்னு இபி (எக்ஸ்ட்ரீம் பிரஷர்) ஆயில் ஊத்தறவங்க இருக்காங்க. கோன் பிடிக்கறதே உரசல்ல, வழுக்கறதுக்குன்னு மருந்து கலந்த எண்ணெயை அதுல ஊத்தினா அது எப்படிப் பிடிக்கும்? "என்ஜின் ஸ்மூத்தா ஓடும்"னு டப்பாவில விக்கிற சேர்மானமும் அதே ரகம்.

நம்ம வீட்டு இட்லிப் பானையில ஊத்தற தண்ணி மாதிரி, அளவு குறைஞ்சா அடியில சத்தம் வரும்னு எழுதிட்டு அழிச்சுட்டேன். சத்தம் வராது. பம்ப் காத்தை இழுக்கும், பிரஷர் நிக்காது, அவ்ளோதான். வண்டியை மட்டமான தரையில நிறுத்தி ஆயில் குச்சியைப் பாருங்க.

மார்ச் 9, இரவு 10.05

தம்பி மீட்டர் மாட்டி ஓட்டிட்டாராம், மனைவி கையில நம்பர் எழுதிக்கிட்டே வந்தாங்களாம். 12.9, 12.9, 12.8, 12.9... திடீர்னு பூஜ்யம், கழண்டுச்சு. திரும்ப 12.9.

இது என் நோய் இல்ல. எனக்கு மெதுவா இறங்குச்சு, இவருக்கு வெட்டி வெட்டி வருது. சூட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு புரியல. எங்கயோ வயர் தேஞ்சு பாடியில உரசுதோ? உரசினா பொறி பறக்கும், வேற ஏதாவது போகும். சுவிட்சா? யோசிக்கறேன்.

மார்ச் 9, இரவு 11.40

தூக்கம் வரல. தம்பி, இருபது நிமிஷம்ங்கறீங்களே, அந்த இருபது நிமிஷத்துல என்ன ரோடு?

மார்ச் 10, மாலை 6.30

வீட்டுலேர்ந்து எம் 1 ஏற இருபது நிமிஷமாம்!

அதாவது அதுவரைக்கும் ரவுண்டபவுட், சிக்னல், ரெண்டு கையும் ஸ்டியரிங்ல. மோட்டார்வே ஏறினதும் மனுஷன் ரிலாக்ஸ் ஆகி இடது கையை கியர் லீவர் மேல போட்டுக்கறார். போன் பண்ணிக் கேட்டேன். "ஆமா அண்ணே, எப்பவும் அப்படித்தான் ஓட்டுவேன்"ங்கறார். கையோட கனம் லீவரை லேசா பின்னால இழுக்குது, கியர் கழலாது, ஆனா மேல இருக்கற சுவிட்சோட முளை ஒரு முடி அளவு வெளிய வருது, கரன்ட் கட். மனைவி மீட்டர் நம்பரைச் சொன்னதும் பதறி ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கறார், திரும்ப 12.9.

இத்தனை நாளா நான் செம்புச் சுருள், ரெசிஸ்டன்ஸ், சதவீதம்னு கிளாஸ் எடுத்திருக்கேன். சூடும் இல்ல, குளிரும் இல்ல. அவர் கை.

மார்ச் 10, மாலை 7.00

கை வைக்காம ஓட்டச் சொல்லலாம், ஆனா அது வைத்தியம் இல்ல. சுவிட்ச் திருகற இடத்துல ஃபைபர் வாஷருங்க இருக்கும், ஒண்ணை எடுத்துட்டா சுவிட்ச் அந்த அளவுக்கு உள்ள இறங்கும், முளை இன்னும் நல்லா அழுந்தும். ரொம்ப எடுத்துட்டா வேற கியர்லயும் கரன்ட் போக ஆரம்பிக்கும், ரிவர்ஸ் பத்தி மேல எழுதினதை ஞாபகம் வச்சுக்குங்க. ஒவ்வொண்ணா எடுத்து, ஒவ்வொரு கியரா போட்டு மீட்டர்ல பாருங்க. மூணுலயும் நாலுலயும் வரணும், மத்ததுல வரவே கூடாது.

கை எட்டாத இடம் அது, டனலுக்கும் பாக்ஸுக்கும் நடுவுல. பாக்ஸுக்கு அடியில ஜாக்கி கொடுத்துட்டு, பாக்ஸைத் தாங்கற குறுக்குச் சட்டம் கிராஸ்மெம்பரைக் கழட்டி, பாக்ஸோட வாலைக் கொஞ்சம் தாழ்த்தினா ஸ்பேனர் போகும். அப்படியே ரப்பர் மவுண்டையும் பாத்துடுங்க, அமுங்கிப் போயிருந்தா பாக்ஸே ஆடும்.

மார்ச் 16, மதியம் 3.45

ஒரு வாஷர் எடுத்திருக்கார், சரியாயிடுச்சு. எம் 1ல நாப்பது மைல், கையை லீவர் மேல வச்சுக்கிட்டே ஓட்டினாராம், வேணும்னே அழுத்தியும் பாத்தாராம். ஷெட்டுக்காரங்ககிட்ட இன்னும் சொல்லலையாம்.

மார்ச் 16, மாலை 5.20

இப்ப தான் என் வண்டியை வெளிய எடுத்துட்டு வந்தேன், சும்மா பாப்போமேன்னு மீட்டரை மாட்டி நாலாவதுல லீவரை இழுத்துப் பாத்தேன், ஒண்ணும் ஆகல. மூணாவதுல முன்னால தள்ளினா நம்பர் ஒரு தடவை பூஜ்யத்தைத் தொட்டுட்டு வருது. பத்து தடவை தள்ளினா மூணு தடவை. இத்தனை நாளா காட்ஸ்வோல்ட்ஸ் வளைவுல மூணே முக்கா எப்பவாவது பிடிக்காம போகும், நான் ஸ்டாக்கை சரியா தட்டலன்னு நினைச்சு திரும்பத் தட்டுவேன்.

ஜாக்கியை எங்க வச்சேன்னு தேடணும்.